பூநாரைக் கணக்கு இரு கரையிலும் ஒத்துப்போகவில்லை: குத்துமதிப்பை அறிவியல் எந்த இடத்தில் ஏற்றுக்கொள்கிறது?

கேள்வி: ஏரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற தை மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைக்கு அழைத்துச் சென்று, முழங்கால் அளவு நீரில் மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகளை எண்ணச் சொன்னேன். எல்லைக்கு அப்பால், தடாவுக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியின் பிள்ளைகளும் அதே காலையில் தம் ஆசிரியரோடு வந்து அதே கூட்டத்தை எண்ணினார்கள். எங்கள் கணக்கு 1,350 என்றும் அவர்கள் கணக்கு 2,100 என்றும் வந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். ஐம்பது பறவைக்கு ஒரு புளியங்கொட்டை என்று டப்பாவில் போட்டுக்கொண்டே வந்த மாணவி, முடிவில் 27 கொட்டைகள் இருப்பதாகச் சொன்னாள். இடையில் ஒரு கொட்டை சேற்றில் விழுந்ததா என்பது அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

இதை அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது நடுவராக வந்தவர், "இது குத்துமதிப்பு அம்மா, அளவீடு அன்று" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்கி 1,725 என்று எழுதலாமா? எண்ணி முடிக்க இயலாதவற்றையும் நேரில் தொட்டு அளக்க இயலாதவற்றையும் மற்ற அறிவியல் துறைகளில் எவ்வாறு அளக்கிறார்கள்?

மறுமொழி: கூழைக்கடா

டீச்சர், முதலில் அந்தச் சராசரியை மறந்துவிடுங்கள். இரண்டு தராசும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இரண்டிலும் நிறுத்து எடுத்த சராசரியும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். கூட்டம் பெருகப் பெருக மனிதக் கண் குறைத்தே மதிப்பிடுகிறது என்பது பறவைக் கணக்கெடுப்பில் பலமுறை சோதித்து அறியப்பட்ட செய்தி. ஆகவே உண்மையான எண்ணிக்கை 2,100-ஐயும் தாண்டியிருக்கலாம். 1,725 என்பது இரண்டு குறைகளுக்கு நடுவே நிற்கும் இன்னொரு குறையாகவும் இருக்கலாம்.

உங்கள் மாணவி செய்தது சரியான முறைதான். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பெருங்கூட்டங்களை இப்படித்தான் எண்ணுகிறார்கள்: முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதை ஐம்பதாகவும் நூறாகவும் பெருக்கிக் கூட்டத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடுக்கிக்கொண்டே போவது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பூநாரைகள் ஓரத்தில் விலகியும் நடுவில் நெருங்கியும் நிற்கும். ஓரத்தில் எடுத்த ஐம்பதை நடுவிலும் அப்படியே அடுக்கினால் நடுவில் நிற்பவற்றில் பாதி கணக்கில் வராது.

இரண்டு செய்திகளைக் கேட்டறியுங்கள். தடாக்காரர்கள் நின்றது மேடான இடமா? உங்கள் பிள்ளைகள் கரையில் நின்றிருந்தால், முன்வரிசைப் பறவைகள் பின்வரிசையை மறைத்திருக்கும். ஓர் ஆள் உயரம் மேலே ஏறினாலே காட்சி மாறிவிடும். அடுத்தது வெயில். மேற்குக் கரையில் நின்று காலையில் கிழக்கே பார்த்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பறவைகள் கருநிழலாகத் தெரியும். பூநாரையையும் அதனிடையே நிற்கும் நாரையையும் பிரித்தறிவது கடினம். அந்தக் கரையிலிருந்து மாலையில் எண்ணுவதே நல்லது.

அதற்கு முன் வகுப்பறையில் ஒரு பயிற்சி செய்யலாம். செய்தித்தாளின் மேல், உங்களுக்கு மட்டுமே எண்ணிக்கை தெரியும்படி அரிசியைச் சிதறவிட்டு, அரை நிமிடம் பார்க்கவிட்டு ஒவ்வொருவரையும் எண்ணைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கண் எவ்வளவு குறைத்துப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

மறுமொழி: வெர்னியர்

நான் ஒரு தொழிற்கூடத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நடுவர் சொன்னதில் தவறில்லை. விட்டம் அளக்கும் எங்கள் காலிப்பர் கருவியில் 0.02 மி.மீ. வரை படிக்கலாம், அதே உருளையை யார் எடுத்து அளந்தாலும் அதே எண் வரும். திரும்ப அளக்க முடியாததை அளவீடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரியன்று. பறவை பறந்து போய்விட்டது. 1,350 சரியா தவறா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மதிப்பீட்டைப் பழிக்கவில்லை. ஆனால் அளவீடு வேறு, மதிப்பீடு வேறு.

மறுமொழி: பழைய புள்ளியியல் ஆய்வாளர்

ஊத்துக்கோட்டைப் பக்கம் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியர் தம்பி சொல்லும் அந்தக் கோடு வயலில் இறங்கினால் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதை என் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு மாவட்டத்தில் விளைந்த நெல் எவ்வளவு என்று அரசு சொல்கிறதே, அந்த எண் எங்கிருந்து வருகிறது? எல்லா நெல்லையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. முற்காலத்தில் கண்மதிப்புத்தான், "இந்த ஆண்டு பத்தணா விளைச்சல்" என்று ஊர் அலுவலர் எழுதி அனுப்புவார். அதற்கு மாற்றாக வந்ததுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமமும் சர்வே எண்ணும் வாய்ப்பெண் அட்டவணைப்படி, அதாவது எவர் விருப்பமும் இன்றித் தற்செயலாக அமைந்த எண்களின் பட்டியல்படி, தேர்ந்தெடுக்கப்பட்டு எங்கள் கைக்கு வரும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை கொடுத்த எண்ணிக்கைப்படி நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று எடுத்து வைத்து நடந்து, போய் நிற்கும் இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். நாலு முளையும் அடித்துக் கயிறு கட்டிய பிறகு மூலைவிட்டம் 7.07 மீட்டர் வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் அது சதுரம் அன்று, சாய்சதுரம். பிறகு உள்ளே உள்ள பயிரை அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடை போட்டு, ஒரு பங்கை எடுத்து உலர்த்தி மறுபடியும் எடை பார்ப்போம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். வரப்பில் நிற்கும் வயல்காரர் சும்மா இருக்கமாட்டார். பயிர்க் காப்பீடு வருவதற்கு முன்னெல்லாம், "இங்கே எதற்கு, அந்தப் பக்கம் பயிர் நன்றாக நிற்கிறது, அங்கே கட்டுங்கள்" என்று பெருமைக்காக இழுப்பார்கள். காப்பீட்டுத் தொகை இந்தச் சோதனையின் விளைச்சலைப் பொறுத்தது என்றான பிறகு, பூச்சி விழுந்த மூலையைக் காட்டத் தொடங்கினார்கள். இரண்டு காலத்திலும் எங்களுக்கு ஒரே மறுமொழிதான்: அட்டவணை சொன்ன இடத்தில்தான் முளை இறங்கும். நம் விருப்பமோ அவர் விருப்பமோ இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் குத்துமதிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு.

இனிச் சொல்வது டீச்சருக்கு நேராகப் பயன்படும். இந்தச் சதுரம் ஏன் 5 மீட்டர், ஏன் 1 மீட்டர் அன்று? சிறிய சதுரமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுமே. புள்ளியியலாளர் மகலனோபிஸ் குழுவினர் 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பரப்பை மாதிரி எடுத்து மதிப்பிடத் தொடங்கிய காலம் தொட்டே வெட்டின் அளவு பற்றிய விவாதம் உண்டு. மிகச் சிறிய வெட்டுகள் விளைச்சலை உயர்த்திக் காட்டுகின்றன என்பதை 1940-களில் இன்னொரு புள்ளியியலாளரான சுகாத்மே எடுத்துக்காட்டினார். காரணம் கயிற்றின் மேல் நிற்கும் தூர். அதை உள்ளே சேர்ப்பதா, வெளியே தள்ளுவதா என்று அரிவாள் தயங்கும்போது, பெரும்பாலும் உள்ளே சேர்த்துவிடுகிறோம். வளமான தூரை விட்டுவிட மனம் வராது. ஒவ்வொரு பக்கமும் வெறும் 5 செ.மீ. வெளியே தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் சதுரம் 5.1 மீட்டராகி, பரப்பு 25-இலிருந்து 26.01 சதுர மீட்டராகும். மிகை 4 விழுக்காடு. 1 மீட்டர் சதுரத்தில் அதே தவறு 1.21 சதுர மீட்டராக்கும். மிகை 21 விழுக்காடு. அதே கை, அதே கயிறு, அதே தயக்கம்தான்.

இத்தகைய பிழை ஒருபக்கம் சாய்வது. ஆயிரம் வயலில் சோதனை செய்தாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகாது. எண்ணிக்கையைக் கூட்டினால் குறைவது தற்செயலாக மேலும் கீழும் விழும் பிழை மட்டுமே. இரண்டையும் பிரித்தறியாதவரை எந்தச் சராசரியும் நம்மை ஏமாற்றும்.

டீச்சர், உங்கள் ஏரியிலும் ஒரு கயிறு இருக்கிறது. எல்லைக் கோடு தண்ணீரில் தெரிவதில்லை. பறவை எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று அதற்கே தெரியாது. இரு பள்ளியும் ஏரியைப் பங்கிட்டு எண்ணும்போது, தொலைவில் தெரியும் ஒற்றைப் பனை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வடக்கே அவர்கள், தெற்கே நீங்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பனைக்கு நேராக நிற்கும் பறவை யாருக்கு என்பதையும் முன்னரே எழுதி வைத்துவிடுங்கள்.

மறுமொழி: நண்டுவலை

மீன்வளம் படிக்கும் மாணவன் நான். டீச்சர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு எங்கள் துறையிலிருந்து ஒரு வழி சொல்கிறேன். இதை வகுப்பில் ஒரு குடத்துப் புளியங்கொட்டையை வைத்தே செய்துகாட்டலாம்.

நீருக்குள் இருக்கும் மீனைக் கண்ணால் எண்ண முடியாது. ஆகவே 200 மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து மறுபடி வலை போட்டு 150 பிடிக்கிறோம். அவற்றில் 12 மீன்களில் குறி இருக்கிறது. பிடித்தவற்றில் குறியிட்டவை எந்த விகிதமோ, மொத்தத்திலும் குறியிட்டவை அதே விகிதம் என்று கொண்டால், 200 × 150 ÷ 12 = 2,500. சிறிய எண்ணிக்கைகளுக்குப் பொருந்தும் சாப்மன் திருத்தத்தைச் சேர்த்தால் 2,334. அதன் திட்டப்பிழை, அதாவது விடை தற்செயலாக எவ்வளவு முன்பின் அலையும் என்பதன் அளவு, ஏறத்தாழ 580. இருபுறமும் அதன் இருமடங்கு வரை இடம் விட்டால், இந்தச் சோதனை 1,200-க்கும் 3,500-க்கும் இடையே எங்கோ என்றுதான் துணிந்து சொல்கிறது. எண்ணைவிட அந்த அகலமே என்னை முதலில் அதிர வைத்தது. குறியிட்டவை 12 மட்டுமே திரும்ப வந்ததால் வந்த அகலம் அது. 60 வந்திருந்தால் வெகுவாகச் சுருங்கியிருக்கும்.

இந்தக் கணக்கு சில நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. இடையில் மீன் உள்ளே வரவும் வெளியே போகவும் கூடாது. குறி கழன்று விழக் கூடாது. ஒருமுறை பிடிபட்ட மீன் வலையைக் கண்டு விலகக் கூடாது. குறி கழன்றால் திரும்ப வருபவை குறைந்து, மொத்தம் மிகையாகத் தெரியும். பழவேற்காட்டில் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் முதல் நம்பிக்கையே உடைந்துபோகும், ஏனெனில் கடலும் ஏரியும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன.

புலிக் கணக்கெடுப்பிலும் இதே அடிப்படைதான். புலியின் வரிகள் ஆளுக்கு ஆள் கைரேகை போல மாறுவதால், குறியிடும் வேலை மிச்சம்; தானியங்கிக் கேமராவில் விழும் படமே மறுபடி பிடித்தல். முன்பு காலடித் தடத்தைப் படியெடுத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்த முறையில் ஒரே ஓர் எண் கிடைக்கும், பிழை எவ்வளவு என்று கேட்க வழியில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் 3,167 முதல் 3,925 வரை, நடுமதிப்பாக 3,682 புலிகள் என்று சொல்கிறது. எனக்கு இரண்டாவது வகையில்தான் நம்பிக்கை வருகிறது.

மறுமொழி: சித்தூர் இயற்பியல்

வெர்னியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் காலிப்பரை ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புவீர்கள் அல்லவா? திரும்பி வரும் சான்றிதழில் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியிட்டு ஓர் எண்ணும், அதன் கீழே k = 2 என்றும் அச்சிட்டிருக்கும். அது என்ன? உருளையின் விட்டம் இதுதான் என்று உலகில் எந்த ஆய்வகமும் எழுதித் தருவதில்லை. இந்த எல்லைக்குள் இருக்கும் என்று ஏறத்தாழ 95 விழுக்காடு நம்புகிறோம் என்றுதான் எழுதித் தருகிறது. அளவீடு என்பதே, தன் பிழையின் அகலத்தையும் சேர்த்துச் சொல்லும் மதிப்பீடு.

நம் மண்ணிலேயே நடந்த அளவீட்டை எடுத்துக்கொள்வோம். 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் பெரு முக்கோணவியல் அளவைக்கு அதுவே முதற்படி. எஃகு ஒரு செல்சியசு பாகைக்கு ஒரு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் அளவு நீளும். சங்கிலி ஒன்றுக்கு அது 0.37 மி.மீ. தான், ஆனால் விடியலுக்கும் நண்பகலுக்கும் 10 பாகை வேறுபட்டு, அதைக் கவனியாமல் ஏறத்தாழ 400 முறை சங்கிலியை வைத்துப் போனால், ஏழரை மைலில் ஒன்றரை மீட்டர் தவறும். அதனால்தான் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்துத் திருத்தம் செய்தார்கள். வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பமா, சங்கிலியின் வெப்பமா என்ற இடத்தில் அங்கேயும் ஒரு மதிப்பீடு நுழைந்துவிடுகிறது.

நீங்கள் சொல்லும் திரும்பத் திரும்ப ஒரே எண் வருதல் என்பதும் போதிய காப்பு அன்று. இயற்பியலாளர் மில்லிக்கன் எண்ணெய்த் துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வியக்கத்தக்க ஒழுங்கோடு அளந்து 1913-இல் வெளியிட்டார். எண்கள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போயின. ஆனால் காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு பிழையாக இருந்ததால் எல்லாமே சற்றுக் குறைவாக நின்றன. ஆய்வாளர் ஐயா சொன்ன கயிற்றுப் பிழைக்கு ஆய்வகத்தில் இதுதான் உருவம்.

தொல்லியலிலும் இப்படியே. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி பொ.ஆ.மு. 580 என்று சொல்லப்படுகிறது. ஆண்டை எவரும் நேராக அளக்கவில்லை. காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14 எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை அளந்து, பழைய மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அமைத்த திருத்த வளைகோட்டின் வழியே ஆண்டாக மாற்றுகிறார்கள். அது பாதியாகக் குறைய ஆகும் காலமான அரை ஆயுள் 5,730 ஆண்டு என்பதற்கே 40 ஆண்டு முன்பின் உண்டு.

டீச்சர், உங்கள் 1,350-க்கும் 2,100-க்கும் வெட்கப்பட வேண்டாம். அண்டம் விரியும் வேகத்தை, செபீடு என்னும் துடிக்கும் விண்மீன்களையும் சூப்பர்நோவா என்னும் வெடிக்கும் விண்மீன்களையும் படிக்கட்டாகக் கொண்டு அளப்பவர்களுக்கு 73 அளவில் வருகிறது; தொல் அண்டத்தின் நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணக்கிடுபவர்களுக்கு அதே அலகில் 67 அளவில் வருகிறது. இரு தரப்பின் பிழை எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. யாரும் கூட்டிப் பாதியாக்கி 70 என்று எழுதி வீட்டுக்குப் போகவில்லை. எந்த நம்பிக்கை பொய்த்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுமொழி: வெர்னியர்

சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. 0.02 என்பது கருவியின் மீச்சிற்றளவு மட்டும்தான். அதையே பிழை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் காலிப்பரை ஒப்பிட்டுப் பார்க்க, நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டையான கேஜ் பிளாக் இருக்கிறது. பிள்ளைகளின் கண்ணுக்கு எதை வைத்து ஒப்பிடுவது?

மறுமொழி: கூழைக்கடா

அந்தச் செய்தித்தாளும் அரிசியும்தான் ஐயா. கூடவே, கூட்டத்தின் ஒரு பகுதியைப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணி, அதே பகுதிக்குக் களத்தில் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டாவது கேஜ் பிளாக்கும் கிடைத்துவிடும்.

மறுமொழி: ஏரிக்கரை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. தடா ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர்கள் நின்றது படகுத்துறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில். நாங்கள் நின்றதோ நீர் விளிம்பில்.

நேற்று வகுப்பில் 700 அரிசியைச் சிதறவிட்டுப் பார்த்தோம். பதினான்கு பேரில் பதினொருவர் குறைத்தே எழுதினார்கள். மிகக் குறைவு 320, மிக அதிகம் 900. புளியங்கொட்டை மாணவி 550 எழுதினாள். "அப்படியானால் ஏரியிலும் நான் குறைத்துத்தான் எண்ணியிருப்பேனா டீச்சர்?" என்று அவளே கேட்டாள். பழைய அட்டையில் 1,350 என்ற எண்ணை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் காலை நேரம், எதிர்வெயில், கரை மட்டத்தில் நின்றது, கொட்டை ஒன்று ஐயம் என்று நான்கு குறிப்புகளைச் சேர்த்து, "உண்மை இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு" என்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இரு பள்ளியும் ஒரே நேரத்தில் எண்ணுவதாக முடிவு செய்துள்ளோம். ஒற்றைப் பனையும் பார்த்து வைத்தாகிவிட்டது. அதற்கு நேராக நிற்கும் பறவைகள் தடாவுக்கு. கொட்டைகளை இம்முறை டப்பாவில் போடாமல், ஊசியால் துளையிட முடியாததால் ஆணியைக் காய்ச்சித் துளைபோட்டு, நூலில் கோத்துக்கொண்டே வரப்போவதாக அந்த மாணவி சொல்லியிருக்கிறாள்.